முனியாண்டி பயந்த பெட்டி

"பாய், இந்த லாரிக்கு மூஞ்சியே இல்ல. என் மாமனாருக்கு அடுத்தபடியா இப்படி ஒரு மூஞ்சிய இப்பத்தான் பாக்குறேன்."

நசுங்கிய லாரிக்கு அடியில் படுத்தபடி பழனியாண்டி சொன்னான். முகம்மது ஹனீபா சிரிக்கவில்லை. உதவியாளன் சொல்லும் பத்து நகைச்சுவையில் ஒன்றுக்குத்தான் சிரிப்பது என்று வைத்திருந்தார். இல்லையென்றால் சம்பளத்தை உயர்த்திக் கேட்பான்.

மலாயாவின் கோலா கெத்தில் போலீஸ் ஸ்டேஷனின் பின்முற்றம். சுற்றிலும் முள்கம்பி. நடுவில் புக்கிட் மெராந்தி ரப்பர் தோட்டத்து ரேஷன் லாரி. பட்டாளத்துக்காரன் ஓட்டித் தேய்த்துவிட்டுப் போனதைத் தோட்டம் வாங்கி இன்னும் தேய்த்தது. கடைசியில் அது காளி கோயில் வளைவில் இடப்பக்கப் பள்ளத்துக்குள் தலைகுப்புறப் போய் விழுந்தது.

ஹனீபாவுக்கு ஊர் சுங்கை பட்டாணி. கார், லாரி விபத்துகளைத் துருவி உண்மையைக் கண்டுபிடித்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது தொழில். பொய் சொல்பவர்களை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அவர்களால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கிறது. ஆனால் இந்த வழக்கில் வந்திருக்கும் பொய் வேறு ரகம். ஒருவன் தன் கழுத்துக்குத் தானே கயிறு கேட்கிறான்.

அவன் பெயர் முனியாண்டி. லாரி டிரைவர். போன வாரம் டவுனிலிருந்து தோட்டத்துக்கு அரிசி மூட்டை ஏற்றி வந்தான். பள்ளத்தில் லாரி விழுந்த கொஞ்ச நேரத்துக்குள் காட்டிலிருந்து துப்பாக்கியோடு ஆட்கள் இறங்கி, சிதறாத மூட்டைகளை எல்லாம் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலம் அது. ஒரு பிடி அரிசி காட்டுக்குப் போனாலே லயத்து வீடுகளில் பாதிப் பேரை வரிசையில் நிற்க வைப்பார்கள். ஒரு லாரி அரிசி போனால் தூக்குத்தான்.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. முனியாண்டியின் மகள் குணவதி, பதினாறு வயது, டவுனில் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு வந்தவள், முச்சந்தியில் லாரி நின்றபோது அப்பாவிடம் சொல்லாமல் பின்னால் ஏறி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். மூட்டைகள் அவள்மேல்தான் சரிந்தன. காட்டு ஆட்கள் மூட்டையைத் தூக்கியபோதுதான் அவள் முகத்தை அப்பன் பார்த்தான்.

"ஸ்டீரிங் பிடிச்சுக்கிச்சு, ஸ்டீரிங் பிடிச்சுக்கிச்சு" என்றுதான் முனியாண்டி முதலில் கதறினான். இன்ஸ்பெக்டர் ஜைனல் அவனை லாரிப் பக்கம் இழுத்துவந்து, அவன் கண் எதிரிலேயே ஸ்டீரிங்கைச் சுற்றிக் காட்டினார். வெண்ணெய் போல் சுற்றியது. அதன்பிறகு விழுந்த அறைகளை எண்ண யாருமில்லை. அப்போதும் அவன் வார்த்தை மாறவில்லை.

மாறியது அதற்குப் பிறகு.

"இன்னொரு தரம் சொல்லுங்க, துவான்" என்றார் ஹனீபா.

ஜைனல் நிழலில் நின்று சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தார். அவர் மலாய் மொழியில்தான் பேசுவார். ஆனால் தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர் என்பதால் யார் தமிழ் பேசினாலும் ஒரு சொல் விடாமல் புரிந்துகொள்வார். அவரை வைத்துக்கொண்டு தமிழில் ரகசியம் பேசியவர்கள் இன்றைக்கும் உள்ளே இருக்கிறார்கள்.

"நீ ஸ்டீரிங்கைத் திறந்து பார்க்க வருவதாகத் தந்தி அடித்தாய். அதை அவனிடம் சொன்னேன். மறுநாள் காலையில் கஞ்சி கொண்டுபோன கான்ஸ்டபிளிடம், நான்தான் வேண்டுமென்றே பள்ளத்தில் விட்டேன், அரிசி கொடுக்கத்தான் விட்டேன், லாரியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். நாளை அலோர் ஸ்டார் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறோம். முடிந்தது கதை."

"உதைக்கு அசையாதவன் ஸ்பேனருக்கு அசைஞ்சிருக்கான்" என்றார் ஹனீபா.

ஜைனல் புகையை விட்டார். "அதனால்?"

"அந்தப் பெட்டியத் திறந்தா அவன் தப்பிக்கலாம். அதுக்கு அவன் பயப்படுறான். தப்பிக்கப் பயப்படுற மனுசன நான் இதுவரைக்கும் பாத்ததில்ல, துவான்."

"ஊரடங்குக்கு முன்னால் முடித்துவிடு" என்று சொல்லிவிட்டு ஜைனல் உள்ளே போனார்.

முள்கம்பிக்கு வெளியே ரம்புத்தான் மரத்தடியில் ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். முனியாண்டியின் மனைவி மருதம்மாள். இரண்டு பஸ் மாறி சுங்கை பட்டாணிக்கு வந்து ஹனீபாவின் வாசலில் விழுந்தவள் அவள்தான். தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட்டு பிழியும் மிஷினில் வேலை. பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். புருஷனையாவது மீட்டுக் கொடுங்கள் என்று கேட்டாள்.

ஹனீபா கம்பியருகே போனார்.

"தங்கச்சி, லாரிய யாராச்சும் ரிப்பேர் பாத்தாங்களா? கொஞ்ச நாளைக்கு முன்னால?"

"எண்ணெ ஒழுகுதுன்னு ஆபீசுல கணக்கெழுதுற கிராணிகிட்ட அவரு பல தடவ சொன்னாரு, பாய். கிராணி மனோகரன் காதுலயே வாங்கல. ஓட்டுறதுன்னா ஓட்டு, இல்லேன்னா பால்மரம் வெட்டப் போன்னுட்டாரு."

"அப்புறம் ஒழுகல் நின்னுச்சா?"

மருதம்மாள் தரையைப் பார்த்தாள். "நின்னுச்சுன்னாரு."

"யாரு நிறுத்துனா?"

"எனக்கென்ன தெரியும், பாய். நான் மிஷின்ல நிக்கிறவ."

"அன்னைக்கு லாரியில வேற யாரும் இல்லியா? கிளீனர் எங்க போனான்?"

"நவமணிக்குக் காய்ச்சல். வரல. வந்திருந்தா பின்னால ஏறுனவள எறக்கி விட்டிருப்பான்."  முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஹனீபா திரும்பி வந்தார். ஒருத்தி தெரியாது என்று சொல்லும்போது முகத்தைப் பார்த்துச் சொன்னால் உண்மையாக இருக்கலாம். தரையைப் பார்த்துச் சொன்னால் தெரியும் என்று அர்த்தம். இதற்கெல்லாம் படிப்பு தேவையில்லை.

"ஆரம்பிடா" என்றார்.

பழனியாண்டி வாய் பேசுகிற அளவுக்குக் கையும் பேசும். ஸ்டீரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இரும்புக் கையை முதலில் கழற்றினான். நட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. தட்டினான், திட்டினான், மண்ணெண்ணெய் ஊற்றினான், மறுபடியும் திட்டினான். கடைசியில் அது சத்தத்தோடு கையில் வந்தது.

"இப்ப சக்கரம் வேற, பெட்டி வேற. தனிக்குடித்தனம். மேல ஏறிச் சுத்துங்க, பாய்."

ஹனீபா சொங்கோக் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடி நொறுங்கிக் கிடந்த இருக்கையில் ஏறி ஸ்டீரிங்கைச் சுற்றினார். இடப்பக்கம் கடைசி வரை போனது. வலப்பக்கம் திருப்பினார். முக்கால்வாசி போன பிறகு ஓர் இடத்தில் கை லேசாக மந்தப்பட்டது. ரொட்டி மாவுக்குள் கையை விட்டது போல இருந்தது. அழுத்தினால் கடந்து போனது.

"வலப்பக்கம் போறப்ப என்னமோ மெத்துன்னு இருக்கு."

"இரும்புப் பெட்டிக்குள்ள மெத்துன்னு என்ன இருக்கும்? மெத்தை போட்டுத் தூங்குறாங்களா?"

பெட்டியை அடியோடு கழற்றிக் கீழே இறக்கினான். பக்கவாட்டு மூடியில் நான்கு போல்ட்டு. உள்ளே இருப்பதை ஹனீபாவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருகினான். ஸ்டீரிங் தண்டின் நுனியில் திருகாணி போல முறுக்கிய இரும்பு இருக்கும். அது ஒரு பல்சக்கரத் துண்டைக் கடித்துக்கொண்டு தள்ளும். அந்தத் துண்டுதான் லாரியின் முன்சக்கரத்தைத் திருப்புகிறது. இரண்டும் எண்ணெயில் ஊறிக் கிடக்கும். மூடிக்கு அடியில் எண்ணெய் ஒழுகாமலிருக்கத் தடித்த காகிதத்தில் ஒரு கேஸ்கெட் வைப்பார்கள்.

மூடி பிரிந்தது. பழனியாண்டி பேச்சை நிறுத்தினான். அது அவன் வழக்கமில்லை.

கேஸ்கெட் இருந்த இடத்தில் காகிதம் இல்லை. கருத்துப் பழுத்த ஏதோ ஒன்று, எண்ணெயைக் குடித்துக் குடித்து ஊதி, அட்டை போலத் தடித்துக் கிடந்தது. அதன் உட்பக்கம் நாக்கு நீட்டிக்கொண்டு பல்சக்கரம் வரை போயிருந்தது. நாக்கின் நுனி கிழிந்து தொங்கியது.

"ரப்பர்" என்றான். "பச்ச ரப்பர் ஷீட்டு, பாய். வேகவெச்சு டயரு ஆக்குன ரப்பர் இல்ல. தோட்டத்துல புகை போட்டுக் கட்டி அனுப்புற ஷீட்டு. இத எண்ணெயில போட்டா ஊதும், கொழகொழன்னு ஆவும். ஒர்க்‌ஷாப்புல நேத்து சேந்தவன்கூட இதச் செய்ய மாட்டான்."

"அப்ப மெக்கானிக் வெச்சது இல்ல."

"மெக்கானிக்குக்குப் பொறக்கப் போறவன்கூட வெச்சிருக்க மாட்டான்."

ஹனீபா நாக்கை விரலால் நிமிர்த்திப் பார்த்தார். அதில் மூன்று பள்ளங்கள், வரிசையாக, ஆழமாக.

"இத அந்தப் பல்லுல வெச்சுப் பாரு."

பழனியாண்டி ரப்பரைப் பழைய இடத்தில் பொருத்தி, தொங்கிய நாக்கை நிமிர்த்தி வைத்து, தண்டை மெல்லத் திருப்பினான். இடக்கோடியில் பள்ளங்களும் பற்களும் சேரவில்லை. நடுவிலும் சேரவில்லை. வலக்கோடிக்குப் போகிற வழியில் மூன்று பல்லும் மூன்று பள்ளத்தில் போய்ச் சிக்கென்று உட்கார்ந்தன. அங்கேயே தண்டு நின்றது. பழனியாண்டி இரண்டு கையாலும் அழுத்தினான். அசையவில்லை.

"பள்ளம் எந்தப் பக்கம்டா?"

"இடப்பக்கம்."

"இந்த மனுசன் வலப்பக்கம் ஒடிச்சிருக்கான். உசுரக் குடுத்து ஒடிச்சிருக்கான். பள்ளத்துல விட நெனச்சவன் எதுக்கு வலப்பக்கம் இழுக்கணும்? லாரி பள்ளத்துப் பாறையில மோதுன அதிர்ச்சியில நாக்கு அறுந்திருக்கு. அப்புறம் ஜைனல் சுத்துனா என்ன, அவரு பேரன் சுத்துனா என்ன, சுத்தத்தான் செய்யும்."

"அப்ப கயிறு அறுந்துச்சு, பாய்."

"முழுசா அறுந்துடல. இத யாரு வெச்சான்னு தெரியணும்."

ரப்பரை மண்ணெண்ணெயில் கழுவினான் பழனியாண்டி. சரியாகக் கத்தரிக்காமல் வைத்ததால் ஒரு மூலை மூடிக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்திருக்கிறது. எண்ணெய் படாத அந்த மூலையில் புகையின் பழுப்பு நிறம் அப்படியே இருந்தது. மிஷின் உருளை பதித்த சாய்சதுரக் கோடுகளும் தெளிவாகத் தெரிந்தன. புக்கிட் மெராந்தி தோட்டத்து உருளை அது. திருட்டு ரப்பரை அடையாளம் காண ஒவ்வொரு தோட்டத்துக்கும் உருளையில் ஒரு கோலம் உண்டு.

மூலையின் ஓரத்தில் சின்னதாக இரண்டு வெட்டுகள். தவறிப் பட்டவை இல்லை. அளவாக, பக்கத்தில் பக்கத்தில் யாரோ கத்தியால் போட்டவை.

ஹனீபா ரப்பரைக் கைக்குட்டையில் சுற்றினார். கம்பிக்கு வெளியே பார்த்தார். மருதம்மாள் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாக்கப்பில் முனியாண்டி மூலையில் உட்கார்ந்திருந்தான். ஒரு கண் இன்னும் வீங்கியிருந்தது.

"நான்தான் ஒத்துக்கிட்டேனே, பாய். இன்னும் என்ன?"

"ஒத்துக்கிட்டவன் காலை நீட்டித் தூங்குவான். நீ ஸ்பேனர் சத்தம் கேக்குறப்பல்லாம் எந்திரிச்சு நின்னியாம். கான்ஸ்டபிள் சொன்னாரு."

 ஹனீபா கைக்குட்டையைப் பிரித்துக் கம்பிக்குள் நீட்டினார்.

அவன் அதைப் பார்த்த பார்வையை ஹனீபா பல நாள் மறக்கவில்லை. அறை வாங்கியபோது போகாத உயிர் அப்போது போனது. தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டான்.

"மூடிருங்க, பாய். திரும்ப உள்ள வெச்சு மூடிருங்க."

"யாரு குடுத்தா?"

"எண்ணெ ஒழுகுதுன்னு வீட்டுல பொலம்பினேன். மறுநாளு சீலைக்குள்ள மறைச்சு எடுத்துட்டு வந்தா. இத வெச்சு அடைங்கன்னா. ஊரு ஒலகத்துக்கெல்லாம் ரப்பர் குடுக்குறோம், நமக்கு ஒரு துண்டு கெடையாதான்னா. சிரிச்சா, பாய்." அவன் தலையை ஆட்டினான். "ஒழுகல் அன்னைக்கே நின்னுடுச்சு. பாத்தீங்களா நான் சொன்னேன்லன்னு கேட்டா."

"எண்ணெயில ஊறுனா ரப்பர் ஊதும்னு உனக்குத் தெரியாதா? நீ டிரைவரு."

"பாலு எடுக்கத் தெரியும். ஒறைய வெச்சு ஷீட்டு போடத் தெரியும். புகை போட்டுக் கட்டத் தெரியும். அப்புறம் அது கப்பல்ல போயிடும், பாய். அந்தப் பக்கம் அது என்னாவுதுன்னு நாங்க எங்க பாத்தோம்?"

ஹனீபா ரப்பரின் மூலையைத் திருப்பிக் காட்டினார்.

"இந்த ரெண்டு வெட்டு?"

"அவ அடையாளம். அழுக்கு ஷீட்டு வந்தா யாரு போட்டதுன்னு தெரியணும்னு கங்காணி வெச்ச ஏற்பாடு. மிஷின்ல நிக்கிற பொம்பளைங்க ஆளுக்கு ஒண்ணு, ஷீட்டு மூலையில போடுவாங்க. ரெண்டு வெட்டு மருதம்மா. மத்தவளுங்க..."

"போதும்" என்றார் ஹனீபா. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அன்றைக்கு அவர் செய்த முட்டாள்தனம் அந்த ஒரு சொல்தான்.

முனியாண்டி கம்பியைப் பிடித்துக்கொண்டான். "நான் தொங்குனா அவளுக்குப் புருஷன் போவான், அவ்வளவுதான். தாங்கிக்குவா. பெத்த புள்ளைய தன் கையாலயே கொன்னோம்னு தெரிஞ்சா என்ன செய்வா? எம் பொஞ்சாதிய எனக்குத் தெரியும், பாய். அவகிட்ட சொல்லிராதீங்க."

ஹனீபா முற்றத்துக்கு வந்து லாரியின் படியில் உட்கார்ந்தார். பழனியாண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அவன் கழுத்தக் காப்பாத்த நாக்கு போதும். மூலை வேண்டாம்" என்றார் கடைசியில். "ரப்பர் ஊதிச்சு, பல்லுல மாட்டிச்சு. யாரு வெச்சாங்கன்னு தெரியல. கேஸ் முடிஞ்சுது. கத்திய எடு."

"போலீஸுக்குத் தெரிஞ்சா நம்மளையும் முனியாண்டிக்குப் பக்கத்துல உக்கார வெச்சிருவாங்க, பாய். என் மாமனாருக்கு அத விட சந்தோசம் கெடையாது."

ஆனாலும் எடுத்துக் கொடுத்தான். ஹனீபா இரண்டு வெட்டும் இருந்த மூலையை ஒரே சீவாகச் சீவி, ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார். வெட்டிய விளிம்பில் பழனியாண்டி கிரீஸும் மண்ணும் வைத்துத் தேய்த்தான். பழைய வெட்டு போல ஆகிவிட்டது. இந்த மாதிரி வேலைகளில் அவனுக்குக் கைராசி உண்டு.

ஜைனலின் மேஜைமேல் பெட்டி வைக்கப்பட்டது. பழனியாண்டி தண்டைத் திருப்பினான். மூன்று பல், மூன்று பள்ளம். ஜைனல் தானே ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். இடக்கோடிக்கும் வலப்பக்கம் மாட்டும் இடத்துக்கும் மாற்றி மாற்றிப் போய், கடைசியில் நாற்காலியில் சாய்ந்தார்.

"பொய் சொல்லவில்லை அவன்" என்றார். அறைந்த கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "வலப்பக்கம்தான் ஒடித்திருக்கிறான்."

"ஆமா, துவான். இனி அவன விட்டுரலாம்."

"விடுவேன். ஆனால் ஹனீபா, அவன் செய்யவில்லை என்றால் இதைச் செய்தவன் வேறொருவன். லாரி அந்த வளைவில் விழுகிறது. அங்கேயே காட்டு ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஸ்டீரிங்குக்குள் ரப்பர். இது தற்செயலா?"

ஹனீபா அவசரமாகச் சொன்னார். "தற்செயல்தான், துவான். அந்தக் காட்டுல அவங்க எல்லா வளைவுலயும்தான் இருக்காங்க. எவனோ தெரியாத்தனமா வெச்சிருக்கான்."

"எவன் என்பதை அந்தப் பெண் சொல்வாள். ரப்பரில் வேலை செய்கிறவள்தானே."

"வேண்டாம், துவான். புள்ளயப் பறிகொடுத்தவ."

"அதனால்தான் உண்மை சொல்வாள்" என்று ஜைனல் மணியை அடித்தார்.

மருதம்மாள் உள்ளே வந்து சுவரோரம் நின்றாள். ஜைனல் எளிய மலாயில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். உன் புருஷன் குற்றவாளி இல்லை. ஸ்டீரிங் பெட்டிக்குள் இந்த ரப்பர் இருந்தது. எண்ணெயில் ஊதிப்போய்ப் பல்லில் மாட்டிக்கொண்டது. இதனால்தான் லாரி விழுந்தது. இதனால்தான் உன் மகள் செத்தாள்.

புருஷனுக்கு விடுதலை என்று கேட்ட பெண்ணின் முகத்தில் ஒரு மலர்ச்சியும் வரவில்லை. அவள் கண் மேஜைமேல் இருந்த ரப்பரைவிட்டு நகரவில்லை. தொடுவதற்குக் கையை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள், மறுபடியும் நீட்டினாள். எடுத்ததும் கோலத்தைப் பார்க்கவில்லை. நேராக மூலையைத் தேடினாள்.

சீவிய விளிம்பில் அவள் விரல் ஓடியது. ஒரு தடவை ஓடி, திரும்பவும் ஓடியது. பிறகு நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு வந்தது. அவ்வளவு பெரிய மூச்சை அந்தச் சின்ன உடம்பு எத்தனை நாளாக அடைத்து வைத்திருந்ததோ.

"என்னோடது இல்ல" என்றாள். அழுதுகொண்டே ஹனீபாவிடம் திரும்பினாள். "பாய், செத்துட்டேன் பாய். நானும் ஒரு துண்டு குடுத்திருந்தேன் அவருகிட்ட. ரப்பர்னு இவரு சொன்ன ஒடனே எனக்கு உசுரே இல்ல. இது என்னோடது இல்ல. என்னுதுல ரெண்டு வெட்டு இருக்கும். இது மூலையவே சீவுனது. இது பாப்பம்மா ஷீட்டு. மிஷின்ல எனக்கு அடுத்து நிக்கிறவ. அவதான் வெட்டுப் போட மாட்டா, மூலைய ஒரே சீவா சீவி விட்டுருவா."

பழனியாண்டி ஹனீபாவைப் பார்த்தான். ஹனீபா அவனைப் பார்க்கவில்லை.

"பாப்பம்மா என்றால் யார்?" ஜைனல் முன்னால் சாய்ந்தார்.

"நவமணி பொஞ்சாதி. கிளீனரு."

"லாரி கிளீனர். அன்றைக்குக் காய்ச்சல் என்று வராமல் போனவன்." ஜைனல் எழுந்துவிட்டார். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வரும் சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. இதே சந்தோஷத்தை ஹனீபா தன் முகத்திலும் எத்தனையோ முறை கண்ணாடியில் பார்த்திருக்கிறார். "காப்ரல், ஜீப்பை எடு. ஊரடங்குக்கு முன்னால் புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் இங்கே இருக்க வேண்டும்."

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, துவான்" என்றார் ஹனீபா.

"இங்கே வந்ததும் தெரியவரும்." இங்கே எப்படித் தெரியவரும் என்பதை முனியாண்டியின் வீங்கிய கண்ணில் ஹனீபா பார்த்திருந்தார்.

மருதம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை நின்று, அதனிடத்தில் வேறொன்று வந்திருந்தது. குரலை உயர்த்தாமல், சாமிக்கு முன்னால் சொல்வது போலச் சொன்னாள்.

"எம் புள்ள மேல அத்தன ஆசையா இருக்குற மாதிரி நடிச்சா, பாய், அந்தப் பாப்பம்மா. பொணத்தக் குளிப்பாட்டுனதே அவதான். காளி பாத்துக்குவா. இந்த ரப்பரக் குடுத்த கை அழுகிப் போவும். புழு வெச்சுப் போவும். சோத்துல வெக்க முடியாம அந்தக் கை விழுந்து போவும்."

வெளியே ஜீப் உறுமியது.

ஹனீபா ஜிப்பாப் பைக்குள் கையை விட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் இவள் பிழைத்துக்கொள்வாள். சாபத்தை வைத்துக்கொண்டு, பகையை வைத்துக்கொண்டு, புருஷனோடு லயத்துக்குத் திரும்பிப் போவாள். அங்கே ஒரு வீடு பூட்டிக் கிடக்கும். நவமணியும் பாப்பம்மாவும் உதை தாங்காமல் ஒத்துக்கொள்வார்கள். தூக்கில் தொங்குவார்கள். பொய் சொல்பவர்களை அவருக்குப் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்த ஹனீபாவுக்கு அப்போது தன்னைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒரு சீவு, ஒரே ஒரு சீவு, அது போய்ப் பாப்பம்மாவின் கையெழுத்தாக ஆகிவிட்டது. மத்தவளுங்க என்று முனியாண்டி ஆரம்பித்தபோது இரண்டு நிமிடம் காது கொடுத்திருந்தால் போதும்.

"ஜீப்ப நிறுத்தச் சொல்லுங்க, துவான்" என்றார்.

பையிலிருந்து எடுத்ததை மேஜைமேல் வைத்தார். விரல்நகம் அகலத்தில் ஒரு பழுப்புத் துண்டு. ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெட்டு.

"பெட்டியில இருந்ததுதான். நான்தான் வெட்டி எடுத்தேன். பாப்பம்மாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

ஜைனல் அவரையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பழனியாண்டி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். பக்கத்து அறையில் லாக்கப் கம்பியை யாரோ உலுக்கினார்கள். "மருதம்மா, அது என்னாதுடி, என்னா சொல்றாங்க, நீ வெளிய போ" என்ற குரல் கேட்டது.

மருதம்மாள் போகவில்லை. அந்தச் சின்னத் துண்டை எடுத்தாள். பெரிய துண்டின் சீவிய விளிம்பில் இருந்த கிரீஸைக் கட்டைவிரலால் துடைத்தாள். மண் போனது. கீழே புது வெட்டு பளிச்சென்று தெரிந்தது. துண்டை அதனோடு சேர்த்து வைத்தாள். கோடுகளோடு கோடுகள் போய்ச் சேர்ந்தன.

"சியாப்பா பூஞா?" என்றார் ஜைனல். யாருடையது என்று கேட்ட அந்தக் குரல் இப்போது தணிந்திருந்தது.

"சாயா பூஞா, துவான்" என்றாள் மருதம்மாள். பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வது போல, "என்னோடது" என்றாள்.

அவள் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கையைக் கொண்டுபோய் மேஜைமேல், ரப்பருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வா, தங்கச்சி" என்றார் ஹனீபா. "முனியாண்டிய விட்டுருவாங்க. வீட்டுக்குப் போகலாம்."

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். ஆனால் கையை மேஜையிலிருந்து எடுக்கவில்லை.